மஞ்சள் பொட்டு

பாட்டி காலத்துக் கல் அட்டிகையை அழித்து, பேத்திக்கு வளையலாகப் பண்ணிவிடலாம் என்று பத்தரிடம் கொண்டு போன அனுபவம் உங்களுக்கு உண்டா? உண்டு என்றால், இந்தக் காட்சி உங்களுக்குப் புதிதல்ல.

பத்தர் அட்டிகையைத் தராசில் வைக்கிறார். எடையைப் பார்த்ததும் பாட்டியின் முகம் மலர்கிறது. "பார்த்தியாடி? அந்தக் காலத்து நகைன்னா சும்மாவா?" என்று பேத்தியிடம் பெருமையடித்துக்கொள்கிறாள். பத்தர் மூக்குக் கண்ணாடியைக் கொஞ்சம் கீழே இறக்கிக்கொள்கிறார்.

"எடை இருக்கு, பாட்டியம்மா. ஆனா உள்ளே அரக்கும் இருக்கே! அதைக் கழிச்சுட்டுத்தானே பார்க்கணும்?"

அவ்வளவுதான். பாட்டியின் முகம் சுண்டிப் போகிறது. வீடு வந்து சேருகிற வரை அரக்கைத் திட்டித் தீர்க்கிறாள்.

அந்த அரக்கு எப்படி உண்டாகிறது என்பது தெரிந்திருந்தால் பாட்டி திட்டியிருக்க மாட்டாள். ஏனென்றால், அதுவும் ஒரு தாய் தன் குழந்தைகளுக்காகக் கட்டிய வீடு.

அரக்கு என்றால் நமக்கு எத்தனையோ ஞாபகம் வருகிறது. தபால் பார்சலின் முடிச்சில் உருக்கி ஊற்றி முத்திரை குத்துவார்களே, அந்தச் சிவப்பு. காஞ்சிபுரம் பட்டில் 'அரக்குக் கலர்' என்று தேடி எடுக்கிறோமே, அந்தக் கருஞ்சிவப்பு. பாண்டவர்களை உயிரோடு கொளுத்த எண்ணித் துரியோதனன் கட்டச் சொன்ன அரக்கு மாளிகை. எல்லாம் ஞாபகம் வரும். ஆனால் "அரக்கு எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டால், "ஏதோ மரத்துப் பிசின்" என்றுதான் பத்துக்கு எட்டுப் பேர் சொல்வோம்.

பிசின்தான். ஆனால் மரம் கொடுத்த பிசின் அல்ல. மரத்தின் சாற்றை உறிஞ்சி ஒரு பூச்சி கொடுத்த பிசின்!

கொம்பரக்கு சொல்லும் கதை

நாட்டு மருந்துக் கடைக்குப் போய் "கொம்பரக்கு கொடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். குச்சியைச் சுற்றிக் கருஞ்சிவப்பாக, கரடுமுரடாக ஏதோ அப்பியிருக்கும் ஒரு துண்டைக் கொடுப்பார்கள். வீட்டுக்குக் கொண்டு வந்து பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். கண்ணாடி இல்லாமல் பார்த்தால் வெறும் பொருக்கு. கண்ணாடி வைத்துப் பார்த்தால் அது ஒரு நகரம்! நெருக்கி நெருக்கிக் கட்டிய குட்டிக் குட்டி அறைகள். ஒவ்வோர் அறையிலும் ஒரு பூச்சி பிறவி முழுவதையும் கழித்திருக்கிறது.

இது செதிற்பூச்சி என்ற பெரிய குலத்தைச் சேர்ந்தது. செம்பருத்திச் செடியில் வெள்ளை வெள்ளையாக அப்பிக்கொண்டு உங்கள் பொறுமையைச் சோதிக்கிறதே மாவுப்பூச்சி, அது இதற்குச் சொந்தக்காரப் பூச்சிதான். 2008-ல் கோவைப் பக்கத்தில் தலைகாட்டிப் பப்பாளி, மரவள்ளி, மல்பெரித் தோட்டங்களைப் பாழாக்கியதே, அதுவும் இதே குலம்தான். குலம் முழுவதும் பொல்லாதது என்று பெயர் வாங்கியிருக்கையில், மனிதனுக்கு உபகாரமாய்ப் பிறந்த ஒரு பிள்ளை இந்த அரக்குப் பூச்சி.

சாஸ்திரக்காரர்கள் இதற்குக் கெரியா லாக்கா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பாட்னாவில் இருந்த ஜேம்ஸ் கெர் என்பவர் 1781-ல் இந்தப் பூச்சியின் வாழ்க்கையை விவரித்து லண்டன் ராயல் சொஸைட்டியின் சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார். அவர் பெயரிலிருந்து வந்ததுதான் 'கெரியா'. 'லாக்கா' என்பது நம் நாட்டு 'லாக்ஷா'விலிருந்து வந்தது. ஒரு கிளையில் லட்சக்கணக்கில் மொய்ப்பதால் லட்சம் என்ற சொல்லே இதற்குப் பெயராயிற்று என்றும் சொல்வார்கள்.

நீங்கள்தான் சொந்தக்காரர்!

இந்தப் பூச்சியை ஆடு மாடு போல வளர்த்துப் பிழைக்கும் குடும்பங்கள் வடக்கே ஏராளம். ராஞ்சியைச் சுற்றியுள்ள சோட்டா நாகபுரி மேட்டு நிலம், இன்று ஜார்க்கண்ட் ராஜ்யத்தில் இருக்கிறது. அங்கே முண்டா, உராவ் முதலிய ஆதிவாசிக் குடியானவர்கள் தங்கள் நிலத்து மரங்களில் அரக்குப் பூச்சியை ஏற்றி வளர்க்கிறார்கள். சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம், மேற்கு வங்காளம் ஆகிய இடங்களிலும் இந்தத் தொழில் உண்டு.

இதற்கு மூன்று மரங்கள் முக்கியம். ஒன்று, நம் புரசைவாக்கத்துக்குப் பெயர் கொடுத்ததாகச் சொல்லப்படும் புரசு. இரண்டாவது, நமக்கெல்லாம் தெரிந்த இலந்தை. மூன்றாவது, அவ்விடத்துக் காடுகளில் வளரும் குசும் மரம். புரசிலும் இலந்தையிலும் வளர்வது 'ரங்கீனி' ஜாதி. குசும் மரத்தில் வளர்வது 'குசுமி' ஜாதி. ஒவ்வொரு ஜாதிக்கும் வருஷத்தில் இரண்டு போகம். ரங்கீனியில் மழைக்காலப் போகத்துக்குக் கார்த்திகை மாதத்தின் பெயரையும், கோடைப் போகத்துக்கு வைசாக மாதத்தின் பெயரையும் வைத்திருக்கிறார்கள்.

சரி, சற்று நேரத்துக்கு நீங்களே அங்கே ஒரு குடியானவர் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் நிலத்து வரப்பில் பத்துப் புரச மரங்கள் நிற்கின்றன. கிளைகளில் அரக்கு அப்பியிருக்கிறது. நெல் கைவிட்டாலும் இது கைகொடுக்கும் என்று நம்பியிருக்கிறீர்கள். பெண்ணின் கல்யாணமோ பையனின் பள்ளிக்கூடச் சம்பளமோ இந்தக் கிளைகளில்தான் தொங்குகிறது. உங்களுக்கு ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தாக வேண்டும்.

அரக்கை இன்றைக்கு வெட்டலாமா, கூடாதா?

நெல்லானால் கதிர் பழுத்துத் தலை சாய்ந்து சொல்லும். மாங்காயானால் வாசனை சொல்லும். அரக்கு எப்போதும் ஒரே மாதிரி பொருக்காகத்தான் இருக்கிறது. உள்ளே இருப்பது குழந்தையா, குமரியா, கர்ப்பிணியா, பிணமா? கண்டுபிடித்தால் பணம். தவறினால் இந்தப் போகமும் போயிற்று, அடுத்த போகத்துக்கு விதையும் போயிற்று. ஆகையால் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள்.

முதல் பருவம்: ஓடுகிற குழந்தை

தாயின் அறையிலிருந்து வெளியே வரும் குஞ்சு அரை மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதல் நீளம். செக்கச் சிவந்த நிறம்; படகு போன்ற உடல். ஆறு கால்கள், இரண்டு கண்கள், முன்னால் உணர்கொம்புகள், பின்னால் இரண்டு மயிரிழைகள். ஆயிரக்கணக்கில் இவை புறப்பட்டு வரும்போது, கிளையில் யாரோ குங்குமத்தைக் கொட்டிவிட்டாற்போல் இருக்கும். ஆனால் இந்தக் குங்குமம் நகரும்!

பிறவியிலேயே இது நடமாடும் காலம் இந்தச் சில மணி நேரம்தான். அதற்குள் இளங்கொம்பு ஒன்றைத் தேடிப் பிடித்தாக வேண்டும். முற்றின கட்டையில் இதன் மெல்லிய குழல் இறங்காது. நல்ல இடம் கிடைத்ததும் குழலைப் பட்டைக்குள் செலுத்தி உட்கார்ந்துவிடும். பெண்ணாயிருந்தால், உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். இனிச் சாகும் வரை அந்த இடத்தை விட்டு அசையாது.

இரண்டாம் பருவம்: வாசல் அடைத்த வீடு

உட்கார்ந்த ஓரிரு நாளில் உடம்பிலிருந்து பிசின் கசியத் தொடங்குகிறது. காற்றுப் பட்டதும் அது இறுகிவிடும். அடியில் இன்னும் கசியும். வாய், மூச்சுத் துளைகள், கழிவுத் துளை இவற்றை மட்டும் விட்டுவிட்டு, பாக்கி உடம்பு முழுவதும் மூடிப் போகிறது. பார்வைக்குக் கிளை மேல் சிவப்பு வார்னிஷ் பூசியது போல் ஒரு பளபளப்பு. அது தெரிந்தால் குஞ்சுகள் குடியேறிவிட்டன என்று அர்த்தம்.

உள்ளே நடப்பதுதான் விசித்திரம். முதல் முறை தோலுரிக்கும்போது கால்கள் போய்விடுகின்றன. கண்கள் போய்விடுகின்றன. உணர்கொம்புகளும் போய்விடுகின்றன. நடக்க வேண்டியதில்லை, பார்க்க வேண்டியதில்லை. குடிப்பதும் கட்டுவதுமே வேலை.

மூன்றாம் பருவம்: ஆணா, பெண்ணா?

சில வாரங்கள் கழித்துக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் அறைகள் இரண்டு தினுசாகத் தெரியும். ஒன்று நீளமாக, செருப்பைக் கவிழ்த்து வைத்தாற்போல். அதன் பின்புறத்தில் வட்டமான ஒரு மூடி. அது ஆண். மற்றொன்று உருண்டையாக இருக்கும். அது பெண்.

ஆண் பூச்சிக்குப் போன கால்களும் கண்களும் திரும்பக் கிடைக்கின்றன. சிலவற்றுக்குச் சிறகும் முளைக்கிறது. மழைக்காலப் போகத்தில் சுமார் இரண்டு மாதத்தில் பின்புற மூடியைத் தள்ளித் திறந்துகொண்டு ஆண் வெளியே வருகிறது. ஆனால் அதற்கு வாயே கிடையாது! சாப்பிட வழியில்லை. பெண்களின் அறைகள் மேல் ஓடியாடி, தன் கடமையை முடித்து, மூன்று நான்கு நாளில் மடிந்துபோகிறது.

இந்தச் சமயத்தில் குச்சியைப் புதிதாகப் பார்ப்பவர், "ஐயோ, அறையெல்லாம் திறந்து கிடக்கிறதே, பயிர் போச்சே!" என்று தலையில் கை வைத்துவிடக் கூடும். பயிர் போகவில்லை. இனிமேல்தான் ஆரம்பம்.

நான்காம் பருவம்: வெள்ளை நூல்

கருவுற்ற பெண் கிடுகிடுவென்று பருக்கிறது. நாம் உபயோகிக்கும் அரக்கில் பெரும்பகுதி இந்தப் பருவத்தில் பெண் பூச்சி கொடுப்பதுதான். அறைகள் ஒன்றோடொன்று ஒட்டி, கிளையைச் சுற்றி ஒரே கெட்டிப் பொருக்காகிவிடுகின்றன. துளைகளின் வழியே மெழுகு போன்ற வெள்ளை இழைகள் நீட்டிக்கொண்டு நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் கிளை நரைத்தது போல் இருக்கும்.

இந்த நரைதான் உயிருக்கு அடையாளம். மூச்சுத் துளைகள் அடைபடாமல் காப்பது இந்த இழைகள்தாம். பூச்சி விடும் தேன் போன்ற கழிவின் மேல் கறுப்புப் பூசணம் படர்ந்து துளைகளை அடைத்துவிட்டால், உள்ளே இருப்பது மூச்சு முட்டிச் செத்துப் போகும். கோடைப் போகத்தில் கடும் வெயிலுக்கும் ஏராளமாகச் சாகும். வெள்ளை இழை இருக்கிறதா, உள்ளே ஜீவன் இருக்கிறது. இழை இல்லாமல் வறண்டு கிடக்கிறதா, உள்ளே பிணம்.

ஐந்தாம் பருவம்: மஞ்சள் பொட்டு

இப்போதுதான் அந்தக் கேள்வி. வெட்டலாமா, கூடாதா?

முட்டையிடும் காலம் நெருங்கும்போது தாய்ப் பூச்சி தன் அறைக்குள்ளேயே ஒரு பக்கமாக ஒதுங்கிச் சுருங்குகிறது. ஏன் தெரியுமா? குழந்தைகளுக்கு இடம் விட! அதுவரை சிவந்த உடல் நிறைந்திருந்த அறையில் ஒரு மூலை காலியாகிறது. காலியான இடத்தில் அரக்குச் சுவர் மட்டும் இருப்பதால், வெளியிலிருந்து பார்க்க அங்கே மஞ்சளாக ஒரு பொட்டுத் தெரிகிறது.

அந்தப் பொட்டுக்காகத்தான் குடியானவர்கள் கிளை கிளையாகப் பார்த்துக் காத்திருக்கிறார்கள். முதலில் ஒரு புள்ளி. நாளாக ஆகப் பொட்டு விரிகிறது. ஒரு தாய் இருநூறு முதல் ஐந்நூறு வரை முட்டையிடுவாள். அந்தக் காலி இடத்தில் முட்டைகள் விழுந்து, சில மணி நேரத்தில் பொரிந்து குஞ்சுகளாகின்றன. பொட்டு நன்றாக விரிந்து, குஞ்சு புறப்படும் தறுவாயில் கிளையை வெட்ட வேண்டும்.

முன்னாலேயே வெட்டிவிட்டால்? சாறு நின்று போகும், தாய் சாகும், முட்டை வீணாகும். இப்படி முதிராமல் வெட்டிய அரக்குக்கு 'ஆரி' என்று பெயர். விற்கலாம், ஆனால் அதில் விதை கிடையாது. வீட்டில் அரிசி இல்லை, கடன்காரன் வாசலில் நிற்கிறான் என்றால், மஞ்சள் பொட்டுக்காக யார் காத்திருப்பார்கள்? விதைநெல்லைக் குத்திச் சாப்பிடுகிற கதைதான். அப்புறம் அடுத்த போகத்துக்கு விதையரக்கை விலை கொடுத்து வாங்க வேண்டும்.

தாமதித்துவிட்டால்? குஞ்சுகள் பழைய கிளையிலேயே இறங்கி ஓடத் தொடங்கிவிடும். அங்கே இடமும் இல்லை, சாறும் இல்லை. எறும்புக்கும் காற்றுக்கும் இரையாகிக் கூட்டம் கூட்டமாகச் சாகும். நாலு நாள் முந்தினாலும் நஷ்டம். நாலு நாள் பிந்தினாலும் நஷ்டம். நடுவே ஒரு மஞ்சள் பொட்டு!

இருபத்தோரு நாள் கெடு

சரியான நாளில் வெட்டிய குச்சிகளைச் சாண் நீளத்துக்கு நறுக்கி, சிறு கட்டுகளாகக் கட்டி, இளங்கொம்பு விட்டிருக்கும் மரங்களில் தொங்கவிடுகிறார்கள். குஞ்சுகள் புது வீடு தேடிக் கிளம்புகின்றன. பழைய வீட்டில் தாய் செத்துக் கிடக்கிறாள்.

வேலை அத்துடன் முடியவில்லை. குஞ்சு போன வெறுங்குச்சிக்குப் 'புங்கி' என்று பெயர். அதை மூன்று வாரத்துக்குள் மரத்திலிருந்து அவிழ்த்துவிட வேண்டும். காரணம், அரக்குப் பூச்சியைத் தின்று வாழும் அந்துப் பூச்சிகளின் புழுக்கள் அதே குச்சிக்குள் ஒளிந்திருக்கும். சும்மா விட்டால் அவையும் புது மரத்துக்குக் குடிவந்துவிடும். இதற்குச் சாமர்த்தியமான யுக்தி ஒன்று உண்டு. விதைக் குச்சிகளை மெல்லிய நைலான் வலைப் பையில் போட்டுக் கட்டுவது. வலைக் கண் வழியே குஞ்சு வெளியே போகும். பருத்த அந்துப் பூச்சி உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

இதையெல்லாம் ஆராய்வதற்கென்றே ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்கும் என்ற இடத்தில் 1924-ல் ஓர் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. பெயர் சில முறை மாறி, இன்றும் அது நடந்து வருகிறது.

பத்தர் கடை வரைக்கும்

புங்கிக் குச்சியிலிருந்து அரக்கைச் சுரண்டி, நொறுக்கி, தண்ணீரில் அலசுவார்கள். அலசிய தண்ணீர் சிவப்பாக ஓடும். அந்தச் சிவப்பு, பூச்சியின் உடம்பிலிருந்து வந்தது. அந்த நாளில் பெண்கள் பாதத்தில் பூசிய அலத்தகம் என்னும் செம்பஞ்சுக் குழம்புக்கும் இந்தச் சாயம் உதவியது. ரசாயனச் சாயங்கள் வந்த பிறகு சாயத்தின் மவுசு குறைந்து, பிசினுக்கு மவுசு வந்தது.

அலசிய அரக்கை நீண்ட துணிப் பைக்குள் போட்டுக் கரியடுப்பின் முன்னால் சூடாக்கிப் பிழிவார்கள். உருகி வருவதைக் கையாலும் காலாலும் பல்லாலும் பிடித்து ஜமுக்காளம் போல விரித்து இழுப்பான் ஒரு கைதேர்ந்த தொழிலாளி. ஆறியதும் நொறுக்கினால், அவல் போல் தட்டைத் தட்டையாக உதிரும். அதுதான் அவலரக்கு. வினைல் இசைத்தட்டு வருவதற்கு முன்னால், கிராமபோனில் சுழன்ற பழைய தட்டுகளில் இருந்தது இந்த அரக்குதான். மேஜை நாற்காலிக்குப் பாலிஷ், மாத்திரைக்கும் மிட்டாய்க்கும் மேல்பூச்சு, ராஜஸ்தானத்து வளையல், குழந்தைக்குத் தேய்க்கும் லாக்ஷாதி தைலம் என்று இன்றும் அது நம்மைச் சுற்றியே இருக்கிறது.

கடைசியாக, வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அரக்குப் பூச்சியைக் காப்பாற்றக் கற்ற பாடம், அதன் பொல்லாத சொந்தங்களை ஒழிக்கவும் உதவும். உங்கள் செம்பருத்தியிலும் கொய்யாவிலும் வரும் செதிற்பூச்சிக்கும் மாவுப்பூச்சிக்கும் கூட, ஓடித் திரியும் குஞ்சுப் பருவம் ஒன்று உண்டு. மேலே மெழுகு மூடிய பிறகு எதைத் தெளித்தாலும் சறுக்கிக்கொண்டு போகும். மெழுகு மூடாத குஞ்சுகளுக்குச் சோப்புத் தண்ணீரோ வேப்பெண்ணெய்க் கரைசலோ போதும். ஆகையால் கண்ணாடியும் கையுமாக இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். குஞ்சு நகரும் நாளில் தெளியுங்கள். வாரம் ஒரு தடவை திரும்பவும் பாருங்கள்.

அடுத்த முறை பத்தர் தராசை நிறுத்தி, "உள்ளே அரக்கு இருக்கே!" என்று சொன்னால், பாட்டியைச் சமாதானப்படுத்த உங்களுக்கு ஒரு கதை கிடைத்துவிட்டது. கண்ணை விட்டு, காலை விட்டு, ஒரே இடத்தில் உட்கார்ந்து வீடு கட்டி, கடைசியில் அந்த வீட்டிலும் ஒரு மூலைக்கு ஒதுங்கிக் குழந்தைகளுக்கு இடம் விட்ட ஒரு தாயின் கதை. பாட்டிக்கு அது உடனே புரிந்துவிடும். அவளும் வீட்டில் அப்படித்தானே ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறாள்!